பேனரில் இருப்பது யார் கை?

தாளாளர் அவர்களே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். சின்னப் பொய் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரியின் மொட்டை மாடியிலிருந்து கீழ்க்கடை ஷட்டர் வரைக்கும் தொங்குகிற பெரிய பொய்.

அந்த பேனரை ஊரே பார்க்கிறது. நானும் பார்த்தேன். நீலத் தொட்டி நிறையக் கேழ்வரகு. இரண்டு சின்னக் கைகள் அதை அள்ளித் தூக்குகின்றன. விரல் இடுக்கில் தானியம் வழிகிறது. விரல் நுனிகளில் மங்கிப்போன மருதாணி. முகம் இல்லை, முகத்தை வெட்டிவிட்டீர்கள். மேலே தங்க நிறத்தில் ‘தொட்டுப் பார்த்துக் கற்கும் பள்ளி’ என்று எழுதியிருக்கிறது. கீழே ‘அட்மிஷன் நடைபெறுகிறது’.

படத்தின் வலது ஓரத்தில் ஒரு பச்சைச் சேலை முந்தானை தெரிகிறதே, அது என்னுடையது. அந்தக் குழந்தையின் சட்டைக் கையை மடித்துவிட்டவள் நான். அதனால் அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

‘திருட்டுக் கை’ என்று மைக்கில் சொல்லி நீங்கள் வெளியே போக வைத்த குழந்தையின் கை அது.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுப் பட்டுப்புழுக் கொட்டகையைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் என் கல்யாணக் கதையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது காத்திருக்கட்டும். அந்தக் கதை எங்கும் ஓடிவிடாது. அதில் ஓட வேண்டியவர் முன்பே ஓடிவிட்டார். பேனர் அப்படி இல்லை. அட்மிஷன் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். அதற்குள் இதை எழுதியாக வேண்டும்.

பள்ளியின் பெயரைப் போட வேண்டாம் என்று பத்திரிகையில் சொன்னார்கள். போடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

கையைக் கட்டு, வாயில் விரல் வை

நான் அந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராகச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் வேலை பாடம் நடத்துவது இல்லை. பிள்ளைகளின் கையை அடக்குவது.

‘கையைக் கட்டு, வாயில் விரல் வை.’ காலையில் வந்ததும் இதுதான். பிரேயரில் இதுதான். தாளாளரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் இதுதான். ஒரு வகுப்பு நல்ல வகுப்பா என்பதை அங்கே எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்றால், உள்ளே ஆள் இருப்பதே தெரியக்கூடாது. வெளியிலிருந்து பார்ப்பவர் பூட்டிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பிளஸ் டூ, அப்புறம் ஒரு வருஷம் நர்சரி டீச்சர் பயிற்சி. ஆனால் நான் வளர்ந்த இடம் அப்படி. எழுதப் பழகும் முன்பே எனக்குப் பட்டுக்கூட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்க்கத் தெரியும். உள்ளே புழு நன்றாக இருந்தால் லொட்டு லொட்டென்று உருளும். செத்து ஒட்டிப்போயிருந்தால் சத்தமே இருக்காது. இதில் பெருமை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் நாயைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். கண்ணால் பார்த்துக் கற்றது பாதி, கையாலும் காதாலும் கற்றது பாதி.

நாலு வயசுப் பிள்ளைக்கு இரண்டு கை எதற்கு இருக்கிறது? கட்டி வைப்பதற்கா?

இப்படிக் கையைக் கட்டிய வகுப்பில்தான் அஃப்ரின் வந்து சேர்ந்தாள். மெத்தைக்கடை இம்தியாஸ் பாயின் மகள். அவள் கையைக் கட்ட யாராலும் முடியவில்லை.

சுவரைத் தொடுவாள். ஜன்னல் கம்பியைத் தொடுவாள். முன்னால் இருக்கும் பிள்ளையின் ஜடையை மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பாள். நான் பக்கத்தில் போனால் என் சேலை பார்டரை இரண்டு விரலில் பிடித்து உருட்டுவாள். ஆனால் வாய் திறக்க மாட்டாள். பெயரைக் கேட்டால்கூட என் வளையலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்னார், “அந்தப் புள்ளைக்கு ஏதோ இருக்குதுங்க. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரில காட்டச் சொல்லுங்க.”

சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவள் அம்மா நூர்ஜஹானிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“வூட்ல வந்து பாருங்க டீச்சர், வாய மூட மாட்டா. கடைல பஞ்சுக்குள்ளயே கெடப்பா. அவங்க அத்தா மெத்த தெக்கறப்போ பக்கத்துல உக்காந்து பஞ்சப் பிச்சிப் பிச்சிப் போடுவா. அவளுக்கு எதுவா இருந்தாலும் கைல எடுத்துப் பாத்தாத்தான் மனசுல ஏறும். சும்மா காட்டுனீங்கன்னா ஏறாது.”

இது தலகாணி, இது மெத்த

அடுத்த நாள் நூர்ஜஹானிடமே ஒரு பை தைத்துத் தரச் சொன்னேன். மெத்தை தைத்து மிஞ்சிய கோடு போட்ட துணியில் தைத்துக் கொடுத்தார். கை மட்டும் நுழையும்படி சுருக்கு வாய்.

அதற்குள் புளியங்கொட்டை, படிகாரக் கட்டி, தேங்காய் நார், சைக்கிள் பால்ரஸ் குண்டு, எங்கள் கொட்டகையிலிருந்து ஒரு பட்டுக்கூடு, அஃப்ரின் வீட்டிலிருந்து வந்த பஞ்சு இரண்டு உருண்டை எல்லாம் போட்டேன். விளையாட்டு இவ்வளவுதான். எட்டிப் பார்க்கக் கூடாது. கையை விடு, ஒன்றைப் பிடி, என்னவென்று சொல்லு.

முதலில் ஒருத்தரும் வரவில்லை. பைக்குள் தேள் இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்புறம் கவின் வந்தான். செல்வியக்காவின் மகன், தைரியசாலி. கையை விட்டு தேங்காய் நாரைப் பிடித்தான்.

“டீச்சர், எங்க மாமா தாடி.”

வகுப்பே சிரித்தது. வாயில் வைத்த விரல்கள் எல்லாம் கீழே இறங்கின. அவனே அடுத்துப் பட்டுக்கூட்டை எடுத்தான். காதில் வைத்து ஆட்டச் சொன்னேன். ஆட்டினான். முகம் மாறிவிட்டது. மெதுவாகச் சொன்னான்.

“உள்ள ஆரோ குடியிருக்கறாங்க டீச்சர்.”

அஃப்ரினின் முறை வந்தது. முழங்கை வரைக்கும் விட்டாள். உள்ளே கை நகர்வது துணியின் மேல் தெரிந்தது. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். “ஏய், சீக்கிரம்டி.”

அவள் வெளியே எடுக்காமலேயே சொன்னாள். “இது தலகாணி.” கையை நகர்த்தினாள். “இது மெத்த.”

எனக்கே உடனே விளங்கவில்லை. இரண்டும் பஞ்சு உருண்டைதானே. சாயங்காலம் நூர்ஜஹான் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர்கள் கடையில் தலையணைக்கு இலவம் பஞ்சு, மெத்தைக்குப் பருத்திப் பஞ்சு. ஒன்று வழுக்கும், ஒன்று பிடிக்கும்.

அதுதான் வகுப்பு கேட்ட அஃப்ரினின் முதல் குரல். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, “சொரசொரன்னு இருக்குது டீச்சர், எண்ண தடவு” என்று எனக்கே புத்தி சொன்னாள்.

யார் வீட்டுக் கோழிக்கு?

பைக்கு அப்புறம் தொட்டி வந்தது. பழைய நீல பிளாஸ்டிக் தொட்டி, அதில் கேழ்வரகு. பிள்ளைகள் அள்ளுவார்கள், செம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றுவார்கள், உள்ளே புதைத்து வைத்த புளியங்கொட்டைகளைத் தேடி எடுப்பார்கள். பரப்பி வைத்து விரலால் ‘அ’ எழுதுவார்கள். தப்பாகப் போனால் தொட்டியில் ஒரு தட்டு. எல்லாம் அழிந்துவிடும். சிலேட்டில் தப்பு எழுதினால் அழுகிற பிள்ளை, கேழ்வரகில் தப்பு எழுதினால் சிரிக்கும்.

இன்னொரு பக்கம் ஈரத் துண்டு. தண்ணீரில் நனைத்துப் பிழிய வேண்டும். பென்சில் பிடிக்க விரலில் பலம் வேண்டும். பிழியத் தெரியாத கையில் பென்சிலைத் திணித்துவிட்டு ‘கையெழுத்து சரியில்லை’ என்று டைரியில் எழுதி அனுப்புவது எவ்வளவு பெரிய அநியாயம்! இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார்கள்.

கேழ்வரகைப் பார்த்ததும் அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். செல்வியக்காதான் முன்னால் நின்றார்.

“ஏன் டீச்சர், களி கிண்டற ராகில புள்ளைங்கள வெளயாட வுடறீங்களே, இது அடுக்குமா? சோத்துல கைய வெச்சு வெளயாடுனா வூடு வெளங்குமா?”

“இது வண்டு புடிச்ச ராகிங்க அக்கா. எங்க வூட்டுப் பானைல அடில கெடந்தது. நாலு தடவ சலிச்சு வெயில்ல காய வெச்சு எடுத்தாந்தேன். வெள்ளிக்கெழம ஆனா கோழிக்குப் போவுது.”

“ஆரு வூட்டுக் கோழிக்கு?”

“எங்க வூட்டுக் கோழிக்குத்தான்.”

செல்வியக்கா யோசித்தார். “எங்க வூட்லயும் வண்டு புடிச்ச ராகி இருக்குது. கோழியும் இருக்குது. ஒரு வாரம் உங்க கோழி, ஒரு வாரம் எங்க கோழி.”

சண்டை அங்கேயே முடிந்தது. எங்கள் ஊரில் நியாயம் இப்படித்தான் பேச வேண்டும். குழந்தை வளர்ச்சி, மூளை நரம்பு என்று நான் பேசியிருந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

தாளாளர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். “என்னா டீச்சர் இது, பள்ளிக்கூடமா களத்துமேடா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும். போய்விட்டார்.

கண்ணாடி அலமாரி

அப்புறம் அவர் ஓசூருக்குப் போய் வந்தார். மச்சினர் யாரோ அங்கே பெரிய பள்ளி வைத்திருக்கிறாராம். வந்ததும் நேராக என் வகுப்புக்கு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

“டீச்சர், நீங்க பண்ணிக்கினு இருந்தீங்களே, அதுக்குப் பெரிய மவுசு இருக்குதுங்க. அங்க தனி ரூமே போட்டு வெச்சிருக்காங்க. நம்மளும் வாங்கிடுவோம்.”

வாங்கினார். அதில் குறை சொல்ல மாட்டேன். லாரி ஆபீசிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. ஆட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் கொடுக்கும் மர உருளைகள். வழவழ, சொரசொர என்று ஜோடி ஜோடியாகத் துணிகள். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள். தொட்டுப் பார்த்தேன். அருமையான சாமான். எனக்குக் கண்ணே கலங்கியது.

அது ஆயுத பூஜை சமயம். பெட்டிகளை மேஜையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். பொரி கடலை கொடுத்தார்கள். அடுத்த நாள் புதுசாக ஒரு கண்ணாடி அலமாரி வந்தது. பெட்டிகள் எல்லாம் அதற்குள் போயின. பூட்டு. சாவி தாளாளரின் சட்டைப் பையில்.

“சார், புள்ளைங்களுக்கு எப்போ எடுக்கறது?” என்று கேட்டேன்.

“எடுக்கலாம் டீச்சர். இப்பத்தான வந்திருக்குது. பூஜ போட்ட பொருளு. அழுக்காயிடும்.”

இதை ஊர்க்காரர்கள் யாராவது படித்துவிட்டு அவரைப் பார்த்து மட்டும் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நம் வீட்டில் மட்டும் என்ன நடக்கிறது? கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரம் ஷோகேஸில் ஏறினால் பெண்ணின் மகள் கல்யாணத்துக்குத்தான் இறங்கும். சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை, அந்த உறைக்கு மேல் ஒரு துண்டு. ஒரு பொருள் மேல் மரியாதை வந்துவிட்டால் நாம் அதைத் தொட மாட்டோம். தொடாமல் வைப்பதுதான் நாம் கொடுக்கிற பெரிய மரியாதை. தொடுவதற்கென்றே செய்த சாமானையும் அப்படியே செய்தோம்.

பெற்றோர்களும் அப்படித்தான் இருந்தார்கள். சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, “பாருங்க, எங்க புள்ள ஸ்கூல்ல எல்லாம் இருக்குது” என்று காட்டுவார்கள். ஒருத்தராவது ‘என் பிள்ளை இதைத் தொட்டானா’ என்று கேட்டாரா? கேட்கவில்லை.

என் நீலத் தொட்டியையும் கோடு போட்ட பையையும் மாடிப்படிக்கு அடியில் போடச் சொன்னார். வருகிறவர்கள் பார்த்தால் அசிங்கமாம்.

போட்டோ எடுத்த நாள்

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் போட்டோகிராபர் வந்தார். தருமபுரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சின்னப் பையன். அலமாரியைப் படம் எடுத்துப் பார்த்தார். கண்ணாடி மின்னுகிறது, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை என்றார்.

“சார், நேச்சுரலா ஏதாச்சும் இருந்தா குடுங்க. மண்ணு, தானியம் அந்த மாதிரி.”

தாளாளர் என்னைப் பார்த்தார். நான் மாடிப்படியைப் பார்த்தேன். தொட்டி வெளியே வந்தது.

பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினோம். “தொடுங்க பாப்பா, அள்ளுங்க” என்று போட்டோகிராபர் சொன்னார். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. எல்லோரும் தாளாளரைப் பார்த்தார்கள். எல்லோரும் கையைக் கட்டினார்கள். கடைசியில் நின்ற இரண்டு பேர் வாயில் விரலும் வைத்தார்கள்.

“என்னா சார் இது? போட்டோவுக்கு வந்தாங்களா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாங்களா?” என்றார் போட்டோகிராபர்.

பின் வரிசையிலிருந்து அஃப்ரின் ஓடி வந்தாள். தொட்டியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! நேராகக் கையை விடப் போனவளை இழுத்துப் பிடித்துச் சட்டைக் கையை மடித்துவிட்டேன். அள்ளினாள். தூக்கினாள். கேழ்வரகு வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேமரா பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தப் படம்தான் பேனரில் இருப்பது.

படம் எடுத்து முடிந்ததும் தொட்டி மறுபடியும் படிக்கு அடியில் போனது.

மைக்கில் வந்த சொல்

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் பெற்றோர் தினம். ஷாமியானா, மைக் செட், ரோஸ் மில்க். அன்றைக்கு அலமாரியைத் திறந்து வைத்தார்கள், எல்லோரும் உள்ளே பார்க்கட்டும் என்று. தாளாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக விளக்கிக்கொண்டு வந்தார். மர உருளைப் பெட்டியைத் திறந்தால் ஒரு குழி காலி.

“ஒண்ணக் காணமே” என்றார். மைக்கில்தான்.

தேடினார்கள். கதவுக்குப் பின்னால் அஃப்ரின் நின்றுகொண்டிருந்தாள். உருளையைக் காதோடு வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு காதைக் கையால் மூடியிருந்தாள். ஷாமியானாவில் ஒரே இரைச்சல், அவளுக்கு உள்ளே இருக்கும் சத்தம் கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஒளித்து வைக்கவில்லை. ஓடவில்லை. தாளாளரைப் பார்த்ததும் உருளையை அவர் பக்கம் நீட்டி, “உள்ள ஆரோ இருக்கறாங்க” என்று சொன்னாள்.

அவர் சொன்னார், “நாலு வயசுலயே திருட்டுக் கை பாருங்க.”

கையில் மைக் இருந்தது. மைக் ஆனில் இருந்தது. ரோடு வரைக்கும் கேட்டது.

“சார், மைக்க ஆஃப் பண்ணுங்க” என்று கத்தினேன். அதற்குள் சொல் போய்விட்டது.

இம்தியாஸ் பாய் அன்றைக்குக் கடையை மூடிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். எழுந்து வந்தார். மகளின் கையிலிருந்து உருளையை வாங்கினார். தன் கைக்குட்டையால் துடைத்தார். தாளாளரிடம் கொடுத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

நான் தாளாளர் அறைக்குப் போய்க் கேட்டேன். “வாய் தவறி வந்திடுச்சு டீச்சர். பாய் நல்ல மனுசன், மறந்திடுவாரு. இதப் போயி பெருசு பண்ணிக்கினு” என்றார்.

“மைக்ல வந்தத மைக்லயே வாபஸ் எடுத்துருங்க சார். அவ்ளோதான் கேக்கறேன்.”

“அதுக்கெல்லாம் ஒரு மீட்டிங் போடுவாங்களா?”

திட்டுவதற்கு மீட்டிங் போட்டீர்களே, எடுப்பதற்குப் போட முடியாதா என்று கேட்டேன். நான் வேலையை விட்டது அப்படித்தான். நீக்கினார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நீக்கவில்லை. விட்டேன்.

அந்தச் சொல் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் மெத்தைக்காரர் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய மெத்தையைப் பிரித்துத் தைக்க அவர் வீட்டுக்கே போவார். படுக்கை அறை வரைக்கும் போவார். மெத்தைக்குள் என்னென்ன இருக்கும் தெரியுமா? மூக்குத்தி இருக்கும், மோதிரம் இருக்கும், வைத்தவரே மறந்துபோன நகை இருக்கும். கிடைத்ததை எடுத்து வாசலில் வைத்துக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இம்தியாஸ் பாய் அடுத்த தையலைப் பிரிப்பார். எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. அவர் தொழிலுக்கு மூலதனம் பஞ்சு இல்லை, அந்தப் பெயர்தான்.

பெற்றோர் தினத்துக்கு அப்புறம் ஒரு வீட்டில் அவர் வேலை முடியும் வரை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். இன்னொரு வீட்டில், “உள்ள வேணாம் பாய், வெளிலயே உக்காந்து பிரிங்க” என்றார்களாம். வெயிலில் உட்கார்ந்து பிரித்திருக்கிறார். ‘பிள்ளைக்கே அப்படியென்றால்’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாற்காலி போட்டால் போதாதா?

கொட்டகையில்

அஃப்ரின் இப்போது அரசுப் பள்ளியில் படிக்கிறாள். நல்ல டீச்சர். ஆனால் அங்கே சேர்ந்த புதிதில் அவள் எதையும் தொடவில்லை. சாக்பீஸ் கொடுத்தால்கூட வாங்க மாட்டாளாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாளாம். ஒரு வகுப்பே சேர்ந்து கட்ட முடியாத கையை ஒரே சொல் கட்டிவிட்டது.

எங்கள் பட்டுப்புழுக் கொட்டகை இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொள்கிறேன். தொட்டி இருக்கிறது, ஈரத் துண்டு இருக்கிறது, காலி மருந்து பாட்டில்களில் பெருங்காயம், காப்பித்தூள், மருக்கொழுந்து எல்லாம் இருக்கிறது, மூடியைத் திறந்து மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே வருகிறார்கள். செல்வியக்கா கவினை அனுப்பும்போது, “அங்க பாக்கறதுக்கு, இங்க தொடறதுக்கு” என்கிறார்.

அஃப்ரினை நூர்ஜஹான் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போவார். பல சனிக்கிழமைகள் அவள் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கூப்பிடவில்லை. யாரையும் கூப்பிட விடவில்லை. ஒருநாள் கவின் ஈரத் துண்டைப் பிழியத் தெரியாமல் திருப்பித் திருப்பித் தடுமாறிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

“இப்படி இல்லடா, லூசு.” பிடுங்கி, அவன் தலைக்கு மேலேயே பிழிந்தாள்.

கவின் நனைந்துபோய் நின்றான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. அந்தக் கை திரும்பி வந்துவிட்டது. அதை இனி யாரும் கட்ட முடியாது. இதை அடித்துச் சொல்வேன்.

பேனருக்குக் கீழே

இந்தக் கோடையில் பேனர் ஏறியது. இம்தியாஸ் பாய் மொபெட்டில் பின்னால் பஞ்சு மூட்டை, முன்னால் மகள் என்று வந்துகொண்டிருந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் பஸ் ஒன்று திரும்ப, வண்டி நின்றது. அஃப்ரின் மேலே பார்த்திருக்கிறாள்.

“அத்தா, அது என் கை.”

அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, “இல்லம்மா, அது வேற ஆரோ பாப்பா” என்று சொல்லியிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை அவள் கொட்டகைக்கு வந்து கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம் கேட்டாள்.

“டீச்சர், என் கை மாதிரியே இன்னொரு கை இருக்குமா?”

அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போனேன். பாய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

“நம்ம கைன்னு சொன்னா ஸ்கூல்ல போயி சொல்லுவா டீச்சர். ‘அப்போ ஏன் அங்க படிக்கல’ன்னு கேப்பாங்க. அப்போ அந்த வார்த்தைய மறுபடியும் சொல்ல வேண்டி வரும். வேணாங்க. அது வேற ஆரோட கையாவே இருந்துட்டுப் போவட்டும்.”

நூர்ஜஹான் உள்ளே இருந்து வந்தார். “அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நீங்க எழுதுங்க டீச்சர். எங்க பேரப் போட்டே எழுதுங்க. எம்புள்ள கைய எம்புள்ள கை இல்லன்னு சொல்ற நெலம எங்களுக்கு எதுக்கு?”

பாய் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அதனால் அவர்கள் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறேன்.

தாளாளர் அவர்களே, எனக்கு உங்கள் அலமாரிச் சாவி வேண்டாம். பேனரைக் கழற்றச் சொல்லியும் கேட்கவில்லை. நல்ல படம், இருக்கட்டும். உங்களிடம் இன்னும் அதே மைக் செட் இருக்கிறது. அட்மிஷன் முடிந்ததும் பெற்றோர்களைக் கூட்டி ரோஸ் மில்க் கொடுப்பீர்கள், அதுவும் தெரியும். அன்றைக்கு மைக்கைப் பிடித்து, ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

அந்த பேனரில் இருப்பது யார் கை?

கேட்பதற்கு நான் வருவேன். இம்தியாஸ் பாயும் அதே வெள்ளைச் சட்டையில் வருவார், நான் கூட்டி வருவேன். அஃப்ரின் முன் வரிசையில் நிற்பாள். அவளுக்குப் பதில் தெரியும். உங்கள் வாயால் சொல்லுங்கள்.